தனித்து நிற்கும் குடிமகன்

ஓர் அரசியல்வாதியை மதிப்பிடும்போது இரண்டு வழிகள் பொதுவாகக் கையாளப்படுகின்றன. அவர் நிகழ்த்திய பேச்சுக்களைத் தொகுத்துவைத்துப் புகழ்வது அல்லது இகழ்வது ஒரு வழி. அவர் வகித்த பதவிகளை வரிசைப்படுத்தி, ஏறிய படிகளையும் இறங்கிய படிகளையும் எண்ணிப் பார்ப்பது மற்றொரு வழி. இவ்விரண்டும் நமக்குப் போதுமானவையல்ல. ஒருவர் தமது வாழ்நாள் முழுவதும் எந்தச் சொல்லை உயர்த்திப் பிடித்தாரோ, அந்தச் சொல், அதிகாரம் அவர் கைக்கு வந்தபோது யாருக்கு எதைக் கொடுத்தது, யாரிடமிருந்து எதைப் பெற்றுக்கொண்டது என்று கேட்பதே நாம் மேற்கொள்ளவேண்டிய வழியாகும்.

பெல்ஜிய நாட்டின் லிபரல் தலைவர் கீ வெர்ஹொவ்ஸ்டாட்டை இந்த அளவுகோலைக் கொண்டு நோக்குவது பயனுடைய முயற்சி என்று கருதுகிறோம். 1999 முதல் 2008 வரை அந்நாட்டின் பிரதமராகவும், 2009 முதல் 2024 வரை ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினராகவும், அவற்றுள் முதற் பத்தாண்டுகள் அங்கே லிபரல் அணியின் தலைவராகவும் இருந்தவர் அவர். நமது காலத்து ஐரோப்பியத் தாராண்மைவாதம் எட்டிய உயரத்தையும் அதனால் தாண்டமுடியாத எல்லையையும் ஒருங்கே காட்டும் வாழ்க்கை அவருடையது. அவர் உயர்த்திப் பிடித்த சொல் ‘குடிமகன்’ என்பது.

இத்தகைய மனிதர்களைப் பற்றிப் பேசும்போது முற்போக்கு வட்டாரங்களில் இருவகைப் போக்குகள் தலைகாட்டுவதுண்டு. தாராண்மைவாதம் முழுவதும் முதலாளித்துவத்தின் முகமூடி; அதிலே கற்பதற்கு யாதுமில்லை என்று ஒதுக்கிவிடுவது ஒன்று. மனித குலம் வந்துசேரவேண்டிய கடைசித் தரிப்பிடம் மேற்கு ஐரோப்பிய லிபரல் சனநாயகமே என்று மயங்குவது மற்றொன்று. இரண்டும் சிந்திக்கும் உழைப்பிலிருந்து தப்பிக்கொள்ளும் வழிகளே. தாராண்மைவாதம் வென்று கொடுத்த உரிமைகள் சில உண்மையான உரிமைகள். அவ்வுரிமைகள் எந்த வாசலில் வந்து நின்றுவிடுகின்றன என்பதும் அதே அளவுக்கு உண்மையானது. இரண்டையும் ஒருசேரக் காண்பதே நமது நோக்கம்.

வெர்ஹொவ்ஸ்டாட் 1953 இல் பிளாண்டர்ஸ் பகுதியிலுள்ள டெண்டர்மொண்ட என்னும் நகரிலே பிறந்தார். கெண்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றபோது லிபரல் மாணவர் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். அந்தக் கெண்ட் நகரைப் பற்றி இங்கு இரண்டு வார்த்தை கூறுதல் அவசியம். அது பருத்தி ஆலைகளின் நகரம். அவ்வாலைகளில் உழைத்த மக்கள் 1880 களின் தொடக்கத்தில், ‘முன்னோக்கி’ என்று பொருள்படும் ‘வோரொய்ட்’ என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். பாண் சுடும் அடுப்பிலே தொடங்கிய அச்சங்கம், மருந்துக்கடை, வாசிகசாலை, விழா மண்டபம் என்று விரிந்து, ஒரு வர்க்கம் தன் காலிலே தான் நிற்கக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடமாக மாறியது. 1901 இல் அந்நகரசபை, வேலையிழந்தோருக்குத் தொழிற்சங்கங்கள் வழங்கிய உதவிப் பணத்தோடு தன் பங்கையும் சேர்த்துக் கொடுக்க முன்வந்தது. ‘கெண்ட் முறை’ என்று பின்னர் பல நாடுகளிலும் பேர்பெற்ற ஏற்பாடு இதுவே. இதனை வகுத்த வழக்கறிஞர் லூயி வர்லே என்பவர் ஒரு லிபரல். இச்செய்தியை வாசகர் மனதில் இருத்திக்கொள்ளல் வேண்டும். தொழிலாளரின் அமைப்பைக் கண்டு அஞ்சாத ஒரு தாராண்மைவாதமும் அதே நகரில் ஒருகாலத்தில் இருந்தது.

எனினும் பெல்ஜியத் தாராண்மைவாதத்தின் பிரதான நீரோட்டம் அதுவன்று. 1831 இல் எழுதப்பட்ட பெல்ஜிய அரசியலமைப்பு, பத்திரிகைச் சுதந்திரம், சங்கம் சேரும் சுதந்திரம், மதச் சுதந்திரம் ஆகியவற்றை அக்கால ஐரோப்பாவில் அரிதான முறையிலே உறுதிசெய்தது. ஆனால், வாக்குரிமை வரி செலுத்தும் சொத்துடையோருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. அந்நூற்றாண்டின் பெரும் லிபரல் தலைவரான பிரேர் ஒர்பான் சர்வசன வாக்குரிமையை எதிர்த்து நின்றவர். அந்தக் கதவைத் திறந்தது 1893 ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம். அதன் பின்னர்தான் வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குக் கிடைத்தது. அப்போதும் சொத்தும் கல்வியும் உடையவர்கள் மூன்று வாக்குகள் வரை போடலாம் என்று விதிக்கப்பட்டது. ஆணொருவருக்கு ஒரு வாக்கு என்ற நிலை 1919 இலேதான் வந்தது. பெண்களுக்குப் பாராளுமன்ற வாக்குரிமை கிடைத்தது 1948 இலே. ஆகவே, ‘குடிமகன்’ என்ற சொல் பெல்ஜியத்தில் ஏட்டிலிருந்து இறங்கி வீதியிலே உயிர்பெற்றது என்றால், அதற்குக் காரணம் சங்கம் சேர்ந்த தொழிலாளரே. இவ்வரலாற்றை மறந்துவிட்டு அந்நாட்டில் குடிமகனைப் பற்றிப் பேச முடியாது. வெர்ஹொவ்ஸ்டாட் அவ்வாறுதான் பேசினார் என்பது நமது முறைப்பாடு.

முப்பது வயதை எட்டுவதற்கு முன்னரே, 1982 இல், அவர் பிளெமிஷ் லிபரல் கட்சியின் தலைவரானார். 1985 இல் உப பிரதமராகவும் வரவுசெலவுத் திட்ட அமைச்சராகவும் பதவியேற்றார். பெல்ஜிய அரசின் கடன் அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தியை விஞ்சி நின்ற காலம் அது. கடனைக் குறைப்பதற்கு இளம் அமைச்சர் கண்ட வழி, பொதுச் செலவை வெட்டுவது. 1986 இல் கொண்டுவரப்பட்ட வெட்டுத்திட்டத்தை எதிர்த்து ஆசிரியர், புகையிரத ஊழியர் முதலிய அரசாங்க ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். புரூசெல்ஸ் வீதிகள் ஊர்வலங்களால் நிறைந்தன. பிரித்தானியாவிலே தாட்சர் அம்மையார் செய்ததைத் தம் நாட்டிலே செய்ய முனைந்த அவருக்குப் ‘பேபி தாட்சர்’ என்ற பட்டப் பெயர் சூட்டப்பட்டது. 1988 இல் அவர் கட்சி எதிர்க்கட்சி வரிசைக்குத் தள்ளப்பட்டது. அந்த ஓய்வு காலத்திலேதான் அவர் தமது சிந்தனையை ஒரு கொள்கையாக வகுத்தார்.

1991 இல் வெளிவந்த அவரது ‘குடிமக்கள் அறிக்கை’ அந்நாட்டு அரசியலில் ஒரு திருப்பம் என்பதை மறுக்க இயலாது. அதில் அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு. பெல்ஜிய சமுதாயம் நீண்டகாலமாகத் ‘தூண்க’ளாகப் பிரிந்து கிடந்தது. கத்தோலிக்கத் தூண், சோசலிஸத் தூண், லிபரல் தூண் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொழிற்சங்கம், சுகாதார நிதிச் சங்கம், பத்திரிகை ஆகியன இருந்தன. கத்தோலிக்கர்க்குத் தனிப் பாடசாலைகளும் இருந்தன. அரசாங்க உத்தியோகங்கள் கட்சிவாரியாகப் பங்கிடப்பட்டன. தொட்டில் முதல் கல்லறை வரை மனிதன் தன் தூணின் நிழலிலேயே வாழ்ந்தான். காலப்போக்கில் அத்தூண்கள் மக்களின் கருவிகள் என்ற நிலையிலிருந்து தலைவர்களின் சொத்துக்களாக மாறின. குடிமகனுக்கும் அரசுக்கும் இடையே இடைத்தரகர் கூட்டம் ஒன்று குடியேறிவிட்டது என்று வெர்ஹொவ்ஸ்டாட் எழுதியபோது, பலர் தம் மனத்திலிருந்ததை அவர் கூறிவிட்டதாகவே உணர்ந்தனர். மக்கள் தீர்ப்பு வாக்கெடுப்பு வேண்டும், கட்டாய வாக்களிப்பு ஒழியவேண்டும், சங்கங்களின் பிடி தளரவேண்டும் என்பன அவர் முன்வைத்த மருந்துகள்.

நோயை இனங்கண்ட வைத்தியர் எந்த உறுப்பை வெட்டச் சொல்கிறார் என்பதையும் நாம் பார்த்தல் வேண்டும். மக்களின் பெயரால் அதிகாரம் செலுத்தும் இடைத்தரகர் என்று அவர் சுட்டியவற்றுள் தொழிற்சங்கங்களும் சுகாதார நிதிச் சங்கங்களும் முன்னணியில் நின்றன. அவற்றுக்கு உறுப்பினர் அட்டை உண்டு, தேர்தல் உண்டு, கொடி உண்டு. அவற்றைக் கண்ணாற் காணலாம். ஆனால் பெல்ஜியப் பொருளாதாரத்தின் மூன்றிலொரு பங்கைத் தன் பிடியில் வைத்திருந்ததாகக் கூறப்பட்ட ‘சொசியேற்றே ஜெனெரால்’ என்னும் மாபெரும் நிதிக் கம்பனி, 1988 இல், வெர்ஹொவ்ஸ்டாட் அமைச்சராயிருந்தபோதே, பங்குச் சந்தைப் போரொன்றின் முடிவில் பிரான்சின் சுவேஸ் கம்பனி கைக்குச் சென்றது. ஒரு நாட்டின் வங்கியும் மின்சாரமும் கைமாறிய அந்த விவகாரத்திலே எந்தக் குடிமகனிடமும் வாக்குக் கேட்கப்படவில்லை. குடிமகனுக்கும் அவன் வாழ்வுக்கும் இடையே நின்ற மிகப்பெரிய இடைத்தரகர் இதுவே அன்றோ? மூலதனத்துக்கு உறுப்பினர் அட்டை தேவையில்லை. ஆதலால் அது அறிக்கையின் குற்றப் பட்டியலில் உரிய இடத்தைப் பெறவுமில்லை.

இங்கேதான் அவரது குடிமகனின் உருவம் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. அவன் சங்கம் இல்லாதவன், தனித்து நிற்பவன். ஒரு கையில் வாக்குச் சீட்டும் மறுகையில் பணப்பையும் கொண்டு, அரசின் முன்னும் சந்தையின் முன்னும் தன்னந்தனியனாக நிற்பவன். பை நிறைந்திருப்பவனுக்கு இத்தனிமை சுதந்திரமாக இருக்கலாம். பை வெறுமையாயுள்ளவனுக்கு அது அநாதைத்தனமே. அறிக்கை வெளிவந்த அதே 1991 ஆம் ஆண்டு நவம்பர் 24 ஆந் திகதி நடைபெற்ற தேர்தலில், குடியேறியோர் மீது வெறுப்பை விதைத்த ‘பிளாம்ஸ் புளொக்’ கட்சி இரண்டு ஆசனங்களிலிருந்து பன்னிரண்டு ஆசனங்களுக்குத் தாவியது. அந்த நாள் ‘கறுப்பு ஞாயிறு’ என்று அந்நாட்டில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. தூண்கள் சரியத் தொடங்கிய இடத்திலே தனித்து விடப்பட்ட மனிதன் எல்லா வேளைகளிலும் லிபரல் கட்சியின் வாசலுக்கே வருவான் என்று எதிர்பார்க்க முடியாது. இனவாதி அவனுக்கு வேறொரு கூட்டத்தைக் காட்டி அழைத்துச் செல்கிறான். 2004 இல், வெர்ஹொவ்ஸ்டாட் பிரதமராயிருந்த காலத்திலேயே, பிளெமிஷ் பிராந்தியத் தேர்தலில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு வாக்குகள் அக்கட்சிக்கு விழுந்தன. இதற்கு அவர் ஒருவரே காரணம் என்று கூறுவது அநீதி. அக்கட்சியோடு ஆட்சியில் கூட்டுச்சேர அவர் ஒருப்பட்டதில்லை. ஆனால், அவருடைய கொள்கையில் இந்நோய்க்கு மருந்து இருக்கவில்லை என்று கூறுவது நீதியே.

1999 ஆம் ஆண்டு கோழித் தீனியில் டயொக்சின் நஞ்சு கலந்த விவகாரம் நாட்டை உலுக்கியது. ஜூன் மாதத் தேர்தலிலே ஆளும் கட்சிகள் தோற்றன. ஜூலை 12 ஆந் திகதி, லிபரல், சோசலிஸ்ட், பசுமைக் கட்சிகள் ஆறு சேர்ந்த ‘வானவில்’ அரசாங்கத்துக்கு வெர்ஹொவ்ஸ்டாட் பிரதமரானார். 1938 இன் பின்னர் பெல்ஜியத்துக்குக் கிடைத்த முதலாவது லிபரல் பிரதமர் அவர். 1958 இன் பின்னர் கிறிஸ்தவ சனநாயகக் கட்சியினர் இல்லாமல் அமைந்த முதலாவது அரசாங்கமும் அதுவே.

இந்த அரசாங்கத்தின் சாதனைகளை நாம் தயக்கமின்றிப் பாராட்டுதல் வேண்டும். தீராத நோயின் வேதனையில் துடிப்பவர், கடுமையான நிபந்தனைகளுக்கு அமைய, மருத்துவரின் துணையோடு தம் முடிவைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை 2002 ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. 2003 இல் ஒருபாலினத்தவர் திருமணம் சட்டபூர்வமாயிற்று. இவ்விரு விடயங்களிலும் ஒல்லாந்துக்கு அடுத்தபடியாக உலகிலே இரண்டாவதாக நின்ற நாடு பெல்ஜியம். நாற்பது ஆண்டுகள் இடைவிடாது அதிகாரத்திலிருந்த கிறிஸ்தவ சனநாயகக் கட்சி இக்கதவுகளை மூடியே வைத்திருந்தது. அதனோடு கூட்டாட்சி நடத்திய சோசலிஸ்டுகளும் அவற்றைத் திறக்க வலிமை பெறவில்லை. ‘இவையெல்லாம் நடுத்தர வர்க்கத்தின் கவலைகள்’ என்று சொல்லி ஒதுக்குவோர் நம்மிடையே இல்லாமலில்லை. மரணப் படுக்கையிலே கிடக்கும் நெசவாளியின் வேதனையும், தன் அன்பை ஒளித்து வாழவேண்டிய ஆசிரியையின் அவமானமும் நடுத்தர வர்க்கத்துக்கு மட்டும் உரியவையல்ல. தனிமனிதனின் உடலும் உள்ளமும் அவனுக்கே உரியவை என்ற கொள்கையில் தாராண்மைவாதம் நிமிர்ந்து நிற்கிறது. அந்த இடத்தில் அதனோடு தோள்சேர்ந்து நிற்பது முற்போக்காளரின் கடமை.

ஆபிரிக்கா தொடர்பாகவும் அவர் செய்தவை சாமானியமானவையல்ல. 1994 இல் ருவாண்டாவிற் படுகொலை தொடங்கியவுடன் பெல்ஜியப் படைவீரர் பத்துப்பேர் கொல்லப்பட்டனர். பெல்ஜியம் தன் படையைத் திருப்பியழைத்துக்கொண்டது. பாதுகாப்பை நாடி வந்தோர் கைவிடப்பட்டனர். பின்னர் இதனை ஆராய்ந்த செனற் சபைக் குழுவின் அறிக்கையாளருள் ஒருவராகக் கடமையாற்றியவர் வெர்ஹொவ்ஸ்டாட். பிரதமரான பின், 2000 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆந் திகதி, கிகாலி நகரிலே தம் நாட்டின் பெயரால் மன்னிப்புக் கோரினார். ஒரு முன்னாள் எசமான நாட்டின் தலைவர், தாம் ஆண்ட மக்களின் முன்னே தலைகுனிந்து நிற்பது வரலாற்றிலே அடிக்கடி காணக்கூடிய காட்சியன்று.

லுமும்பாவின் விடயமும் அவ்வாறே. கொங்கோவின் முதலாவது பிரதமர் பற்றிஸ் லுமும்பா 1961 ஆம் ஆண்டு ஜனவரி 17 ஆந் திகதி கற்றங்காவிலே கொல்லப்பட்டதில் பெல்ஜியத்துக்கு இருந்த பங்கை ஆராயப் பாராளுமன்றக் குழுவொன்று அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து 2002 பெப்ரவரியில், வெர்ஹொவ்ஸ்டாட்டின் அரசாங்கத்துக்காக வெளிநாட்டமைச்சர் லூயி மிஷெல் மன்னிப்புக் கோரினார். ‘தார்மிகப் பொறுப்பு’ என்ற சொல் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தச் சொல்லை நாம் சற்று ஆராய்வோம். லுமும்பா ஏன் கொல்லப்பட்டார்? கற்றங்காவின் செம்பும் கோபாற்றும் யூனியன் மினியேர் கம்பனியின் கையிலே இருந்தன. அக்கம்பனியோ மேலே கூறிய சொசியேற்றே ஜெனெராலின் செல்லப்பிள்ளை. கற்றங்கா பிரிந்து போனபோது பிரிவினை அரசின் திறைசேரிக்குப் பணம் பாய்ச்சியது அதுவே. குற்றத்தின் வேர் இலாபத்திலே இருக்க, மன்னிப்பு மட்டும் மனச்சாட்சியின் மட்டத்திலே நின்றுவிட்டது. தார்மிகப் பொறுப்பு உண்டு என்று சொன்ன அரசு, பொருளாதாரப் பொறுப்புக்குக் கணக்கு எழுதவில்லை. 2022 இல் லுமும்பாவின் உடலில் எஞ்சிய ஒரேயொரு பல் அவர் குடும்பத்தினரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு தேசத்திலிருந்து அள்ளிச் சென்றவற்றுள் திருப்பிக் கொடுக்கப்பட்டது அதுவாயிற்று.

2003 ஆம் ஆண்டு அவருடைய துணிவுக்கும் துணிவின் எல்லைக்கும் ஒருங்கே சான்று பகர்கிறது. ஈராக் மீதான அமெரிக்கப் படையெடுப்பை அவர் பிரான்சு, ஜேர்மனி ஆகியவற்றோடு சேர்ந்து எதிர்த்தார். ஏப்ரலிலே அந்நாடுகளையும் லக்சம்பேர்க்கையும் புரூசெல்ஸுக்கு அழைத்து, ஐரோப்பியப் பாதுகாப்பைப் பற்றி மாநாடு கூட்டினார். ‘சொக்கலேற் செய்வோரின் மாநாடு’ என்று வாஷிங்டன் வட்டாரம் அதனை ஏளனம் செய்தது. அமெரிக்காவின் இந்தக் கோபம் அடுத்த ஆண்டிலும் ஓயவில்லை என்றே தோன்றுகிறது. ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலைமைப் பதவிக்குப் பிரான்சும் ஜேர்மனியும் அவர் பெயரை முன்மொழிந்தபோது, போரை நடத்திய பிரித்தானியா அதனைத் தடுத்தது.

ஆனால், அதே 2003 இல் மற்றொன்றும் நடந்தது. உலகில் எங்கு போர்க்குற்றம் நிகழ்ந்தாலும் அதனை விசாரிக்கும் அதிகாரத்தைப் பெல்ஜிய நீதிமன்றங்களுக்கு 1993 ஆம் ஆண்டுச் சட்டமொன்று அளித்திருந்தது. ருவாண்டாப் படுகொலையிற் பங்குகொண்ட நால்வர் இச்சட்டத்தின் கீழ் 2001 இல் தண்டிக்கப்பட்டனர். அதுவரை எல்லோரும் பாராட்டினர். இஸ்ரவேலின் ஷரோன் மீதும், பின்னர் அமெரிக்கத் தலைவர்கள் மீதும் முறைப்பாடுகள் வந்தபோது நிலைமை மாறியது. நேட்டோ தலைமையகம் புரூசெல்ஸில் தொடர்ந்து இருப்பது சந்தேகமாகிவிடும் என்று அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் ரம்ஸ்பெல்ட் ஜூன் மாதத்தில் மிரட்டினார். ஆகஸ்ட் மாதத்தில் அச்சட்டம் பல்லுப் பிடுங்கப்பட்டது. ஏழை நாட்டின் குற்றவாளியைப் பிடிக்கும் வலை வல்லரசின் குற்றவாளிமுன் அறுந்துவிடுமாயின், அந்த நீதியின் பெயர் என்ன?

உள்நாட்டுப் பொருளாதாரத்தை நோக்கும்போது தனித்து நிற்கும் குடிமகனின் கதி இன்னும் வெளிச்சமாகத் தெரிகிறது. 2001 நவம்பர் 7 ஆந் திகதி ‘சபேனா’ விமான சேவை வங்குரோத்தாயிற்று. கொங்கோவை ஆண்ட காலத்தில், 1923 இலே, தொடங்கப்பட்ட நிறுவனம் அது. பங்குகளில் அரைவாசிக்குச் சற்றுக் கூடுதலாக அரசின் கையிலும், மிகுதி சுவிஸ் எயர் கம்பனியின் கையிலும் இருந்தன. சபேனாவில் மேலும் பணமிடுவதாக ஏற்றுக்கொண்ட கடப்பாட்டைச் சுவிஸ் கம்பனி காப்பாற்றாது, தானும் சரிந்தது. ஏறக்குறைய 12,000 ஊழியர்கள் வேலையிழந்தனர். இப்பழி முழுவதும் அவரைச் சாராது; முன்னைய அரசாங்கம் செய்த உடன்படிக்கையின் விளைவே அது. எனினும் அந்த ஊழியர்களுக்கு மறுநாட் காலையில் உதவிப் பணம் பெறும் பாரங்களை நிரப்பிக் கொடுத்தவை, குடிமக்கள் அறிக்கை சந்தேகக் கண்கொண்டு நோக்கிய அதே தொழிற்சங்கங்களே. கெண்ட் முறையின் மரபு அன்றும் உயிரோடு நின்றது.

2005 ஆம் ஆண்டே நமது மதிப்பீட்டின் மையம். அவ்வாண்டு இரண்டு காரியங்கள் நடைபெற்றன. முதலாவது, கம்பனிகளுக்கான புதிய வரிச் சட்டம். ஒரு கம்பனி கடன்பட்டு வட்டி கட்டினால் அந்த வட்டியை வரிக்குரிய இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பது எங்கும் உள்ள விதி. இப்புதிய சட்டமோ, கடன்படாமல் தன் சொந்த மூலதனத்தைப் போட்ட கம்பனியும், வட்டி கட்டியதாகக் கற்பனை செய்து, அந்தக் கற்பனை வட்டியை இலாபத்திலிருந்து கழிக்கலாம் என்றது. பன்னாட்டுக் கம்பனிகள் பல இதற்காகவே பெல்ஜியத்திலே நிதிக் கிளைகளைத் திறந்தன. இரண்டாவது, ‘தலைமுறை ஒப்பந்தம்’ எனப் பெயரிடப்பட்ட திட்டம். முன்கூட்டியே இளைப்பாறும் வயதை 58 இலிருந்து 60 ஆக உயர்த்துவது அதன் முக்கிய அம்சம். மனிதர் நெடுங்காலம் வாழ்கிறார்கள்; ஓய்வூதிய நிதி தாங்காது; ஆகவே கூடுதலாக உழைக்கவேண்டும் என்பது வாதம்.

இவ்வாதத்தில் எண்கணிதப் பிழை இல்லை. ஆனால் எண்கணிதம் யாருடைய பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்பதே கேள்வி. பதினாறு வயதிலே ஆலைக்குச் சென்றவனுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் உண்மையான உழைப்பு. கம்பனிக்கோ உண்மையில் கட்டப்படாத வட்டிக்குச் சலுகை. ஒரே ஆண்டு, ஒரே அமைச்சரவை, ஒரே திறைசேரி. அக்டோபர் 7 ஆந் திகதி சோசலிஸத் தொழிற்சங்கத்தின் அழைப்பில் நாடெங்கும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. 1993 இன் பின்னர் அந்நாடு கண்ட முதலாவது பொது வேலைநிறுத்தம் அது. அக்டோபர் 28 இலே கத்தோலிக்கத் தொழிற்சங்கமும் சேர்ந்துகொள்ள, புரூசெல்ஸ் நகரம் பெருங்கூட்டத்தால் நிரம்பியது. பல்லாண்டு காலம் தனித்தனித் தூண்களிலே நின்ற தொழிலாளரை அன்று ஒன்றுசேர்த்தது, தூண்களை வெறுத்த பிரதமரின் திட்டமே. திட்டம் சில திருத்தங்களோடு நிறைவேறியது. அந்த அமைச்சரவையிற் பாதி சோசலிஸ்டுகள் என்பதையும் நாம் மறைக்கலாகாது. வீதியிலே தம் சங்கமும் மேசையிலே தம் அமைச்சர்களும் எதிரெதிராக நிற்கும் நிலைக்கு வந்த கட்சி, லிபரலைக் குறைகூறும் தகுதியிற் பாதியை இழந்துவிடுகிறது.

2007 ஜூன் தேர்தலில் அவர் கட்சி தோற்றது. பிளெமிஷ், பிரெஞ்சு மொழிக் கட்சிகளிடையே எழுந்த பிணக்கால் புதிய அரசாங்கம் அமையாமல் மாதங்கள் கழிந்தன. இடைக்கால அரசாங்கமொன்றை நடத்திவிட்டு 2008 மார்ச்சில் அவர் விலகினார். அதன்பின் ஐரோப்பாவே அவரது மேடையாயிற்று. அந்த மேடையிலும் அவர் புதியவரல்லர். 2001 டிசெம்பரில் அவர் தலைமையிலே லாக்கன் அரண்மனையிற் கூடிய மாநாடு, ஐரோப்பிய ஒன்றியம் தன் குடிமக்களிடமிருந்து விலகிச் சென்றுவிட்டது என்று வெளிப்படையாகவே கூறியது. அதிலிருந்து பிறந்த அரசியலமைப்பு வரைவை 2005 இல் பிரெஞ்சு மக்களும் ஒல்லாந்து மக்களும் வாக்கெடுப்பிலே நிராகரித்தனர். ஏன் நிராகரித்தனர்? சந்தையின் விதிகளை அரசியலமைப்பாக எழுதிவைப்பதை விரும்பாத தொழிலாளரும் அவர்களுள் அடங்குவர். வெர்ஹொவ்ஸ்டாட் அதே ஆண்டில் எழுதிய நூலில், ஐரோப்பிய ஐக்கிய நாடுகளை அமைப்பதே விடை என்றார். வரைவின் பெரும்பகுதி லிஸ்பன் உடன்படிக்கை என்ற பெயரில் மீண்டும் வந்தபோது, அயர்லாந்து மக்களிடம் மட்டுமே வாக்குக் கேட்கப்பட்டது. மக்கள் தீர்ப்பு வாக்கெடுப்பை 1991 இல் மருந்தாகச் சிபார்சு செய்தவர், பெல்ஜியத்தின் சார்பில் அதில் ஒப்பமிட்டார்.

கிரேக்க நாட்டின் விடயத்தில் இம்முரண்பாடு உச்சத்தை எட்டியது. கடன் கொடுத்தோர் விதித்த நிபந்தனைகளைக் கிரேக்க மக்கள் 2015 ஜூலை 5 ஆந் திகதி வாக்கெடுப்பிலே 61 வீதத்தினரால் நிராகரித்தனர். மூன்று நாட்களின் பின் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு வந்த பிரதமர் சிப்ராஸை நோக்கி வெர்ஹொவ்ஸ்டாட் ஆவேசமாக உரை நிகழ்த்தினார். அவ்வுரை உலகெங்கும் பார்க்கப்பட்டது. கப்பல் முதலாளிகளின் சலுகைகளையும் திருச்சபையின் சலுகைகளையும் ஒழிக்கவேண்டும் என்று அவர் கேட்டது நியாயமே. ஆயினும் அரசாங்க ஊழியரைக் குறை, வங்கிகளைத் தனியாருக்குக் கொடு என்பனவும் அதே மூச்சில் வந்தன. ஒருவார காலத்துக்குள் கிரேக்க அரசு பணிய நேர்ந்தது. வாக்களித்த மக்கள் குடிமக்களாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. திங்கட்கிழமை அவர்கள் கடனாளிகளாயினர். இத்தகைய உரைகளை நிகழ்த்திய ஆண்டுகளில் எக்ஸ்மார் என்னும் கப்பற் கம்பனியினதும் சொவினா என்னும் முதலீட்டுக் கம்பனியினதும் பணிப்பாளர் சபைகளில் அவர் அங்கம் வகித்தார். சட்டம் இதனைத் தடுக்கவில்லை. அவரும் இதனை மறைக்கவில்லை. முறைப்படி அறிவித்தே இருந்தார். ஆகவே தனிமனித நேர்மையைப் பற்றிய கேள்வி இங்கு எழவில்லை. தொழிற்சங்கச் செயலாளன் பாராளுமன்றத்தில் அமர்ந்தால் அதைச் சங்கத்தின் பிடி என்று கருதும் கொள்கை, பணிப்பாளன் அமர்ந்தால் அதை ஒரு பிடியாகவே காண்பதில்லை என்பதே நாம் சுட்டுவது.

கடைசி ஆண்டுகளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். 2017 ஜனவரியிலே, ஐரோப்பிய ஒன்றியத்தைத் தாக்கிவந்த இத்தாலியின் ஐந்து நட்சத்திர இயக்கத்தைத் தம் அணியிற் சேர்க்க முயன்றபோது அவருடைய சொந்த அணியினரே தடுத்தனர். எண்ணிக்கைக்காகக் கொள்கையை அடகுவைக்க முயன்ற சம்பவம் அது. மறுபுறத்தில், பிரித்தானியா ஒன்றியத்திலிருந்து விலகியபோது, ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் இணைப்பாளராக 2016 முதல் 2020 வரை கடமையாற்றி, பிரித்தானியாவிற் குடியேறி உழைத்த இலட்சக்கணக்கான ஐரோப்பியரின் உரிமைகளுக்காக அவர் விடாது வாதாடினார். கடவுச்சீட்டை வைத்து மனிதனை எடைபோடுவோர் பெருகிவரும் காலத்தில் இது சிறிய பணியன்று.

இனி நாம் கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். உடலும் உள்ளமும் மனச்சாட்சியும் சம்பந்தப்பட்ட இடங்களில் வெர்ஹொவ்ஸ்டாட் பல இடதுசாரிகளை விட முன்னே நடந்தார். உழைப்பும் உடைமையும் சம்பந்தப்பட்ட இடங்களில் அவர் 1985 ஆம் ஆண்டின் இளம் அமைச்சராகவே கடைசிவரை இருந்தார். இதனை அவருடைய குணக்குறைபாடு என்று எழுதிவிட்டால் நாம் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது. குடிமகன் தனித்து நிற்கும்போதே சுதந்திரமானவன் என்ற கொள்கையின் இயல்பான விளைவு இது. மரணப் படுக்கையில் மனிதன் தனித்தவன். அங்கே அக்கொள்கை அவனுக்குத் துணைநின்றது. ஆலை வாசலில் அவன் தனித்தவனாக இருத்தலாகாது. அங்கே அது அவனைக் கைவிட்டது.

ஆகவே, ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நமது வாசகர்கள் தாராண்மைவாதத்தைக் காணும்போது ஒதுக்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். அது வென்றெடுத்த உரிமைகளை நமது உரிமைகளாக ஏற்று, ஒரு சாணும் விட்டுக்கொடாமற் காப்போம். அது சந்தேகிக்கும் சங்கத்தைச் சனநாயகத்தின் அத்திவாரமாகக் கொள்வோம். ஆனால் அச்சங்கம் தலைவர்களின் தூணாக இறுகிப்போனால், அதனைத் தட்டிக்கேட்கும் வேலையை லிபரல்களுக்கு விட்டுவைக்காமல் நாமே செய்வோம். பாண் சுடும் அடுப்பிலே தொடங்கிய கெண்ட் தொழிலாளரும், அவர்களுடைய சேமிப்போடு நகரத்தின் பணத்தையும் சேர்த்துவைத்த அந்த லிபரல் வழக்கறிஞரும் ஒருகாலத்தில் ஒரே மேசையில் அமர முடிந்தது. அந்த மேசையைச் சுற்றி இருந்தவன் தனித்து நிற்கும் குடிமகனல்லன். சேர்ந்து நிற்கும் குடிமகன். அவனையே நாம் தேடுகிறோம்.